மூச்சுவழித் தடை

மூச்சுவழித் தடை என்பது மூச்சுக்குழல்களின் வழியே செல்லும் காற்று எதிர்கொள்ளும் எதிர்ப்பின் அளவு ஆகும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவற்றில் இத்தடை கூடுவதால், மூச்சுவிட நோயாளி கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது.

வரையறை

வாய்க்கும் நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைக் காற்றோட்ட வீதத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். இது மின்னியலில் வரும் ஓமின் விதியை ஒத்தது. எடுத்துக்காட்டாக, நொடிக்கு 0.5 லிட்டர் காற்று செல்ல 1 செ.மீ. நீர் அழுத்தம் தேவைப்பட்டால், தடை 2 அலகுகள் ஆகும். சீரான ஓட்டத்தில், குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை 16 மடங்காகும். சிறிய வீக்கமும் பெரும் மூச்சுத்திணறலைத் தருவது இதனாலேயே.

அளவிடும் முறைகள்

* உடல் பிளெத்திஸ்மோகிராபி: நோயாளி காற்றுப்புகாத கண்ணாடி அறையில் அமர்ந்து மூச்சுவிடுவார். அறையின் அழுத்த மாற்றத்திலிருந்து, பாயில் விதியின்படி நுண்ணறை அழுத்தம் கணிக்கப்படுகிறது. ஆர்தர் டுபுவா குழுவினர் இம்முறையை 1956-இல் வெளியிட்டனர்.
* அலைவு முறை: வாய்வழியே சிறு அழுத்த அலைகள் செலுத்தப்படுகின்றன. இயல்பாக மூச்சுவிட்டாலே போதுமாகையால் இது குழந்தைகளுக்கு ஏற்றது.
* உணவுக்குழாய் பலூன்: மெல்லிய பலூன் மூலம் நெஞ்சறை அழுத்தத்தை அளந்து, மூச்சுவிடும் உழைப்பு கணக்கிடப்படுகிறது.
* செயற்கை சுவாசக் கருவி: மாறா ஓட்டத்தில் காற்றைச் செலுத்தி, உள்மூச்சின் முடிவில் ஓட்டம் சற்று நிறுத்தப்படுகிறது. உச்ச அழுத்தம் 30, நிறுத்தத்தின்போது 18, ஓட்டம் நொடிக்கு 1 லிட்டர் எனில் தடை 12 அலகுகள். இவ்விரு அழுத்தங்களின் இடைவெளி பெருகினால் குழலில் சளி அடைப்போ சுருக்கமோ இருக்கலாம். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் நுரையீரல் விறைத்திருக்கலாம்.

எளிய மாற்று

தஞ்சாவூர் மாவட்டத்தின் பூதலூர் போன்ற நெல் விளையும் ஊர்களில், கதிரடிக்கும் களத்திலும் அரிசி ஆலையிலும் எழும் தூசி மூச்சுக்குழல்களை உறுத்தக்கூடியது. அங்கு கண்ணாடி அறை தேவையில்லை; கையடக்கமான உச்ச ஓட்டமானியே பயன்படும். இதன் முதல் வடிவத்தை ரைட், மெக்கெரோ ஆகியோர் 1959-இல் விவரித்தனர். இது தடையை நேரடியாக அளப்பதில்லை. தடை கூடும்போது உச்ச ஓட்டம் குறையும். வேலை நாட்களிலும் விடுப்பு நாட்களிலும் சில வாரங்கள் தொடர்ந்து அளந்து ஒப்பிட்டால், நோய்க்குத் தொழில் காரணமா என அறியலாம். ஒருவரின் சிறந்த அளவில் பாதிக்கும் கீழே சென்றால் உடனடி மருத்துவ உதவி தேவை.

ஒப்பீட்டு அளவுகள்

நுரையீரல் அளவுகள் வயது, உயரம், பால் ஆகியவற்றுடன் மக்கள்தொகைக்கேற்பவும் வேறுபடுகின்றன. சென்னையின் நலமான இளம் வயதினரிடம் எடுத்த அளவுகளை வி. கே. விஜயன் குழுவினர் 1990-இல் வெளியிட்டனர். அவை ஐரோப்பியருக்கான அளவுகளைவிடக் குறைந்திருந்தன. ஆகவே, எந்த ஒப்பீட்டு அட்டவணை பயன்பட்டது என்பதை அறியாமல் ஒருவரை நோயாளி எனக் கருதுதல் பிழையாகலாம்.