அறுபதுக்கு அப்புறம் ஐயாயிரம்!

என்றைக்காவது ஒருநாள் உங்களுக்கும் அறுபது வயசு ஆகும். சிரிக்காதீர்கள் சார், நிஜமாகவே ஆகும்!

என் வயசு முப்பத்தைந்து. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். முதலாளி என்று எவரும் இல்லை. அதனால் பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட்கூட இல்லை. இந்த லட்சணத்தில், பேங்குக்குப் போன இடத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டார்: "சார், அடல் பென்ஷன்ல சேர்ந்துட்டீங்களா? நாப்பது வயசு தாண்டிட்டா சேர முடியாது."

நாற்பதா! என் தலைமுடியைப் பார்த்து அவசரப்படுத்துகிறாரோ என்று முதலில் சந்தேகம் வந்தது. ஆனாலும் விஷயம் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரமாகக் கால்குலேட்டரும் கையுமாகத்தான் திரிந்தேன்.

திட்டம் இதுதான். அடல் பென்ஷன் யோஜனா 2015 மே மாதம் தொடங்கப்பட்டது. 18 வயசிலிருந்து 40 வயசுக்குள் சேர வேண்டும். அறுபது வரை கட்ட வேண்டும். அதன்பின் ஆயுள் உள்ளவரை மாதம் 1,000 முதல் 5,000 வரை, நாம் தேர்ந்தெடுத்த தொகை வரும். மத்திய அரசு உத்தரவாதம். ஐயாயிரம் வேண்டுமென்றால் 18 வயசுக்காரர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 25 வயசுக்காரர் 376. 30 என்றால் 577. என்னை மாதிரி 35-க்கு 902. நாற்பதில் விழித்துக்கொள்கிறவருக்கு 1,454! (இந்தப் பட்டியலை மட்டும் எல்லாக் காலேஜ் கேன்டீன் சுவரிலும் ஒட்டலாம்.)

நாம் காலமானால் அதே தொகை மனைவிக்கோ கணவருக்கோ ஆயுள் முழுக்க வரும். அவருக்கும் பிறகு, ஐயாயிரம் திட்டமானால் எட்டரை லட்ச ரூபாய் வாரிசுக்குப் போகும்.

நான் 25 வருஷத்தில் கட்டப்போவது 2,70,600 ரூபாய். வருஷத்துக்கு அறுபதாயிரம் பென்ஷன். 'நாலரை வருஷத்தில் போட்ட பணம் முழுக்கத் திரும்பிவிடும்!' என்று ஏஜென்ட் குரலில் சொல்லலாம்தான். ஆனால் பி.காம். படித்தவன் வட்டியை மறந்துவிட்டு இப்படிக் கணக்குச் சொன்னால், என் அக்கவுன்டன்ஸி வாத்தியார் வீடு தேடி வந்து டிகிரியைப் பிடுங்கிக்கொண்டு போவார்.

சரியான கணக்கு வேறே. மாதம் 902 ரூபாயை 8 சதவீத வட்டியில் 25 வருஷம் போட்டால் ஏறக்குறைய எட்டரை லட்சம் சேரும். எட்டரை லட்சத்துக்கு வருஷம் அறுபதாயிரம் என்பது 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக, அரசாங்கம் நம்மிடம் சொல்வது இவ்வளவுதான்: 'அறுபது வரை சுமார் எட்டு சதவீதம், அதற்குப் பிறகு சாகும்வரை ஏழு சதவீதம், அசல் வாரிசுக்கு.' அதிசயமும் இல்லை, மோசமும் இல்லை. பப்ளிக் பிராவிடன்ட் ஃபண்டுக்கு 1990களில் 12 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். 2020 ஏப்ரலில் அது 7.1-க்கு வந்துவிட்டது. நமக்கு அறுபது ஆகும்போது வட்டி ஐந்தா, நாலா, எவனுக்குத் தெரியும்? இன்றைக்கே ஏழு என்று எழுதி வாங்கிக்கொள்வதில் ஒரு லாபம் இருக்கத்தான் செய்கிறது.

'அப்படியானால் உடனே சேர்ந்துவிட வேண்டியதுதானே?' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கிளம்பினேன். மாடி வீட்டு மாமா குறுக்கே வந்தார்.

மாமா மாநில அரசில் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர். அகவிலைப்படி ஏறினதாகப் பேப்பரில் வந்தால் அன்றைக்கு மாடியிலிருந்து கேசரி வாசனை வரும். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, அதுல டி.ஏ. உண்டா?"

"இல்லை மாமா."

"நான் ரிடையர் ஆனப்போ வந்த தொகை அப்படியே நின்னிருந்தா, இன்னிக்கு என் மாத்திரைக்குக்கூடக் காணாது. என்னைக் காப்பாத்தறது பென்ஷன் இல்லப்பா, டி.ஏ.!"

சொல்லிவிட்டு மாமா காய்கறி வாங்கப் போய்விட்டார். எனக்கு மறுபடி கால்குலேட்டர்.

விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 25 வருஷம் கழித்து வரும் ஐயாயிரத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 1,165 ரூபாய். இப்போது 25 வயசில் இருக்கும் தம்பிக்கு, அறுபதில் கிடைக்கும் ஐயாயிரம் இன்றைய 650 ரூபாய்க்குச் சமம். குடும்பத்தோடு ஒரு சினிமா, இடைவேளையில் பாப்கார்ன், அவ்வளவுதான்! சேமிப்பு நன்றாகச் சம்பாதித்தால் உத்தரவாதத்துக்கு மேலேயும் பலன் தருவதாகத் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது கையில் வந்தால்தான் காசு.

ஏறாத பென்ஷன் என்னவாகும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். பி.எஃப். பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை மாதம் ஆயிரம் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். பத்து வருஷம் கழித்து 2024-லும் அதே ஆயிரம். அந்தப் பத்து வருஷத்தில் டீ என்ன விலை ஏறியது என்பதை உங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடைக்காரர் சொல்வார்.

பி.எஃப். என்றதும் என் ஆபீஸ் சிநேகிதன் ஒருத்தன் ஞாபகம் வருகிறது. "மச்சான், எனக்கு அந்தக் கவலையே இல்ல. வி.பி.எஃப்.ல மாசம் ரெண்டாயிரம் கூடப் போடறேன். பென்ஷன் எகிறும் பாரு!" என்றான்.

எகிறாது. நாம் விருப்பப்பட்டுக் கூடுதலாகப் போடும் பணம் பி.எஃப். கணக்கில்தான் சேரும், வட்டியும் கிடைக்கும். பென்ஷனுக்கு அதிலிருந்து ஒரு பைசா போகாது. பென்ஷனுக்குப் போவது முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம். அதுவும் 2014-ல் வைத்த 15,000 ரூபாய் சம்பள வரம்புக்குள், அதாவது மாதம் 1,250. சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் பென்ஷன். 15,000 ரூபாய்க்குப் பத்து வருஷ சர்வீஸ் என்றால் 2,143. பத்து வருஷத்துக்குக் குறைந்தால் மாதப் பென்ஷனே கிடையாது. வேலை மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் துடைத்து எடுத்துக்கொண்டு போகிற பிரகஸ்பதிகளுக்கு, சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பம். இன்னொரு கூத்து: 2014 செப்டம்பருக்குப் பிறகு, அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் வாங்கிக்கொண்டு முதன்முதலாகச் சேர்ந்தவர்கள் இந்தப் பென்ஷன் திட்டத்திலேயே இல்லை. சிநேகிதனின் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தோம். பென்ஷன் என்ற இடத்தில் வரிசையாக முட்டை! அன்றைக்கு அவன் டிபன்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

"நானும் உன்கூட அடல்ல சேர்ந்துடறேன்டா!"

அதுவும் முடியாது. 2022 அக்டோபர் 1 முதல், வருமான வரி கட்டுகிறவர்களும் கட்டியிருந்தவர்களும் புதிதாகச் சேர முடியாது. அவன் வரி கட்டியவன். (எனக்கு அந்தப் பாக்கியம் இதுவரை வாய்க்கவில்லை. எடிட்டர் கவனிக்க!) ஆனால் சேர்ந்த பிறகு சம்பளம் ஏறி வரி கட்ட நேர்ந்தால் கணக்கு அப்படியே தொடரும். ஆகவே முதல் வேலையில் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் வாங்குகிற தம்பிகளே, சேருவதென்றால் இன்க்ரிமென்ட் வந்து வரி வருவதற்குள் முடிவெடுங்கள். வரி கட்டுகிற அண்ணன்களுக்கு 2009-லிருந்து எல்லோருக்கும் திறந்துவிட்ட என்.பி.எஸ். இருக்கிறது. அதில் இவ்வளவு வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. சந்தை ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம்.

சரி, நான் என்ன செய்வது? 902 ரூபாயை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் நிறைய வரலாம் என்பது தெரியும். என்னையும் தெரியும். எடுக்கக்கூடிய இடத்தில் பணம் இருந்தால், ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதத்தில் எடுத்துவிடுவேன். அடல் கணக்கை நடுவில் மூடலாம்தான். கட்டியதும், அதன்மேல் உண்மையில் கிடைத்த வருமானமும், செலவு கழித்து வரும். உத்தரவாதம் போய்விடும். அதற்காகவே மூட மனசு வராது. அறுபதுக்கு முன்னால் எனக்கு ஏதாவது ஆனால், மீதி வருஷங்களை மனைவி கட்டிக் கணக்கைத் தொடரலாம். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். மிரட்டல் அவ்வளவுதான்.

ராத்திரி இதையெல்லாம் வீட்டில் விலாவாரியாக விளக்கினேன். மனைவி பிளவுஸுக்கு ஹெம்மிங் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வயசு முப்பது. தையல் வருமானம் அவள் கணக்கில் தனி.

"ஏங்க, நான் சேர்ந்தா எவ்ளோ?"

"ஐயாயிரத்துக்கு 577."

"உங்களுக்கு 902-ஆ? அப்போ ஐயாயிரத்தை என் பேர்ல போடுங்க. உங்க பேர்ல மூவாயிரம் போதும்."

"அதெப்படி, குடும்பத் தலைவன்..."

"எங்க பாட்டி தொண்ணூறு வரைக்கும் இருந்தாங்க. தாத்தா அறுபத்தாறுல போயிட்டார். யாருக்கு ரொம்ப நாள் பென்ஷன் வேணும்?"

கால்குலேட்டர் மூலையில் கிடந்தது. மூவாயிரத்துக்கு என் தவணை 543. அவளது 577-ஐக் கூட்டினால் மாதம் 1,120. வாரத்தில் ஒருநாள் ஓட்டல் பிரியாணியை நிறுத்தினாலே சரியாகிவிடும். விலைவாசியைச் சமாளிக்க வேறு சேமிப்பு தனியாக வேண்டும், அது வேறு தலைவலி. அரிசிக்கும் மாத்திரைக்கும் மாதம் பிறந்தால் ஏதோ ஒன்று நிச்சயமாக வரட்டும் என்று முடிவு செய்தோம்.

மறுநாள் பேங்கில் இரண்டு ஃபாரம் எழுதிக் கொடுத்தோம். தவணையை மாதாமாதம் கட்டலாம், மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறையும் கட்டலாம். அவள் மாதாமாதம் என்று டிக் அடித்தாள். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எனக்கு செக் வருவது அப்படித்தான்!