புயற்காப்பறையும் தரமுத்திரையும்

காற்றின் சீற்றத்தினின்றும் உயிரைக் காத்துக்கொள்வதற்கென்றே கட்டப்படும் அறையைப் புயற்காப்பறை என்கிறோம். நாம் விலை கொடுத்து வாங்கும் பிற பொருள்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. குடை ஒழுகினால் அடுத்த மழைக்கு வேறு குடை வாங்கிக்கொள்ளலாம். பூட்டுப் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். காப்பறையோ பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். என்றோ ஒரு நாள், சில நிமிடங்களுக்கு மட்டும், அதன் உறுதி சோதனைக்கு உள்ளாகும். அச்சோதனையில் அது தோற்றுவிட்டால், குறை கூறுவதற்கு உள்ளிருந்தவர் எஞ்சியிருப்பார் என்பது நிச்சயமில்லை. ஆகவே, வாங்குபவர் தம் கண்ணால் காண இயலாத ஒரு தரத்தை, அவர் பொருட்டு வேறொருவர் முன்னதாகவே ஆராய்ந்து உறுதி கூறவேண்டியிருக்கிறது. அவர் யார்? சர்க்காரா? விஞ்ஞானிகளா? அன்றி, அப்பொருளைச் செய்து விற்பவர்களே கூடி அமைத்த சங்கமா? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்க நாடுகளில் கிடைத்துள்ள விடையை ஆராய்வது நமக்கும் பயன் தரும்.

அந்நாட்டின் டெக்ஸாஸ், ஒக்லஹோமா, கான்ஸாஸ் முதலிய மாநிலங்களில் ‘டொர்னேடோ’ எனப்படும் சுழற்காற்று ஆண்டுதோறும் அழிவு விளைவிக்கிறது. இது நாம் அறிந்த கடற்புயல் அன்று. கடற்புயல் பல நாள் முன்னரே தன் வரவை அறிவிக்கும். பல நூறு மைல் பரப்பைத் தாக்கும். சுழற்காற்றோ இடிமேகத்தினின்றும் தும்பிக்கைபோல இறங்கி, குறுகிய பாதையில் கடுவேகத்தில் சென்று, சில நிமிடங்களிலோ சிறிது நேரத்திலோ மறைந்துவிடும். முன்னறிவிப்புக்கும் தாக்குதலுக்கும் இடையே பெரும்பாலும் சில நிமிடங்களே கிடைக்கின்றன. ஊரைவிட்டுச் செல்ல அவகாசமில்லை. எனவே காப்பறை வீட்டிலேயே, அல்லது ஓடி அடையக்கூடிய தொலைவிலேயே இருந்தாகவேண்டும்.

1970ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி டெக்ஸாஸிலுள்ள லபக் நகரைச் சுழற்காற்று தாக்கியது. 26 பேர் மாண்டனர். அந்நகரிலேயே உள்ள டெக்ஸாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் அறிஞர்கள், அது முதற்கொண்டு காற்றின் அழிவைத் தொடர்ந்து ஆராயலாயினர். சிதைந்த வீடுகள் பலவற்றில் புறச்சுவர்களும் கூரையும் பறந்துபோயிருக்க, நடுவிலிருந்த சிறிய அறை மட்டும் நின்றிருந்ததை அவர்கள் கண்டனர். அச்சிற்றறையையே வேண்டிய அளவு வலுப்படுத்தினால் என்ன என்ற எண்ணத்தினின்றும் தரைக்கு மேலே அமையும் காப்பறை பிறந்தது.

அத்தகைய அறைக்கு எதிரி காற்றின் அழுத்தம் மட்டுமன்று; காற்று அள்ளி வீசும் பொருள்களுமாம். ஆகவே அறிஞர்கள் ஒரு சோதனை வகுத்தனர். 15 பவுண்டு எடையுள்ள மரச்சட்டம் ஒன்றைக் காற்றழுத்தப் பீரங்கியில் இட்டு, மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவரின் மீது எய்வார்கள். கூரைக்கு 67 மைல் வேகம் போதும். சட்டம் ஊடுருவலாகாது, உட்புறம் 3 அங்குலத்திற்கு மேல் பிதுங்கி நிற்றலும் கூடாது. மணிக்கு 250 மைல் வேகக் காற்றை எதிர்நோக்கும் பகுதிகளுக்கு உரிய சோதனை இது. இதில் கதவுதான் பெரும்பாலும் பலவீனமான இடம். கதவுப்பலகை தனித்துத் தேறினால் போதாது. கீல், தாழ்ப்பாள், நிலை யாவும் ஒருங்கே பொருத்தப்பட்ட நிலையில் தேறவேண்டும். கடையில் கிடைக்கும் இரும்புக் கதவு ஒன்றை மாட்டிவிட்டால், எஞ்சிய சுவர் எத்துணை உறுதியாயினும் காப்பறை காப்பறையாகாது.

1999ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி ஒக்லஹோமாவைத் தாக்கிய சுழற்காற்றில், மணிக்கு 300 மைலுக்கு மேற்பட்ட வேகம் ராடார் மூலம் கணிக்கப்பட்டது. அதன்பின் காப்பறை வேண்டுவோர் தொகை பெருகிற்று. சர்க்காரும் பண உதவி செய்ய முன்வந்தது. தேவை பெருகும் இடத்தில் விற்பனையாளரும் பெருகுவர். அவருள் திறமையுடையோரும் இருப்பர், இல்லாதோரும் இருப்பர். இருசாராரின் சரக்கும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. இந்நிலையில்தான் 2000ஆம் ஆண்டு தேசியப் புயற்காப்பறைச் சங்கம் என்ற தொழிற்சங்கம் அமைந்தது. இங்கே தொழிற்சங்கம் என்றது தொழிலாளர் சங்கத்தை அன்று. ஒரு தொழிலை நடத்துவோர் கூடிய சங்கத்தை. அது தன் உறுப்பினருக்கென ஒரு தரவிதியை வகுத்தது. பின்னர் அச்சங்கமும் சர்வதேசக் கட்டட விதிக் கழகமும் கூடி உருவாக்கிய பொதுத் தரவிதி, ஐ.சி.சி. 500 என்ற பெயரால் 2008இல் வெளிவந்தது. 2014, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தம் பெற்றது.

இங்கே சொற்களைச் சற்றே நிதானித்து நோக்கவேண்டும். விதிகளையும் அறிவிக்கைகளையும் மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எமக்கு, ஒரு சொல்லுக்கு அடுத்த சொல்லை இட்டுவிடுவதால் விளையும் கேடு நன்கு தெரியும். ‘உறுப்பினர்’ என்பது ஒருவர் எவருடன் கூடியிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்லும். ‘சோதிக்கப்பட்டது’ என்பது ஒரு மாதிரிப் பொருளுக்கு நேர்ந்ததைச் சொல்லும். ‘சான்றளிக்கப்பட்டது’ என்பது, செய்தவரும் அல்லாத வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் பொறுப்பேற்றதைச் சொல்லும். ‘அரசின் அங்கீகாரம் பெற்றது’ என்பதோ முற்றிலும் வேறு. அமெரிக்கக் கூட்டாட்சியின் அவசரநிலை நிர்வாக முகமை காப்பறைகளுக்கான வழிகாட்டி நூல்களை வெளியிடுகிறது. ஆயினும் எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளையும் தான் அங்கீகரிப்பதில்லை என்று அதுவே தெளிவாகக் கூறுகிறது. ஆகவே அந்த முகமையின் அங்கீகாரம் பெற்றதாக ஒரு வியாபாரி விளம்பரம் செய்தால், அவ்விளம்பரமே எச்சரிக்கையாகும்.

அவ்வாறாயின் சங்கத்தில் உறுப்பினராதல் பொருளற்றதோ? அன்று. மேற்கூறிய சங்கத்தில் தயாரிப்பாளராகச் சேர்வோர், தம் காப்பறையின் அமைப்பை வெளியாராகிய பொறியியல் வல்லுநரின் பரிசீலனைக்கு உட்படுத்தவேண்டும்; அதில் தேறிய காப்பறைக்கே சங்கத்தின் முத்திரை உண்டு. தொழிலின் நற்பெயர் கெடாதிருத்தல் தொழில் செய்வோர் அனைவருக்கும் நன்மையாதலால், ஒருவர் செய்யும் மோசத்தை மற்றவர் தடுக்க முற்படுகின்றனர். ஆயினும் அச்சங்கத்தில் வேறு வகை உறுப்பினரும் உண்டு. சந்தா செலுத்தியதால் வந்த பெயருக்கும், பரிசீலனையில் தேறியதால் வந்த முத்திரைக்கும் உள்ள வேற்றுமையை வாங்குபவரே கேட்டறியவேண்டும். மற்றொன்று: சங்கம் தன் உறுப்பினரை நெறிப்படுத்தலாம், சேராதவரை விற்பனை செய்யாதே என்று தடுக்க அதற்கு அதிகாரமில்லை. அந்த அதிகாரம் கட்டட விதியைச் சட்டமாக ஏற்கும் ஆட்சிக்கே உரியது. 2013ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி ஒக்லஹோமாவின் மூர் நகரில் 24 பேர் மாண்டனர். அவர்களுள் 7 சிறுவர்கள், காப்பறையில்லாத ஒரு பள்ளியில் இருந்தவர்கள். சுழற்காற்றின் வேகம் மிகுந்த பகுதிகளில் புதிதாகக் கட்டப்படும் பள்ளிகளுக்குக் காப்பறை வேண்டுமெனச் சர்வதேசக் கட்டட விதிநூலின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு விதித்தது. அவ்விதியும், அதனை ஏற்ற இடங்களில்தான் செல்லும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே காப்பிடம் பெரும்பாலும் தனியார் வாங்கும் பொருளன்று. அரசு கட்டும் பொதுக்கட்டடம். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே கரையைப் ‘பைலின்’ புயல் தாக்கியபோது, மாண்டவர் தொகை சில பத்துகளில் நின்றது. முன்னறிவிப்பும், லட்சக்கணக்கான மக்களை அப்புறப்படுத்தியதும், இடைப்பட்ட ஆண்டுகளில் எழுந்த காப்பிடங்களும் அதற்குக் காரணங்களாம். உலக வங்கியின் உதவியோடு தேசியப் புயல் அபாயத் தணிப்புத் திட்டம் 2011இல் ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் தொடங்கி, பின்னர் குஜராத், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களுக்கும் சென்றது. கடல்நீர் உட்புகுந்தாலும் தங்குமிடம் நனையாதிருக்க, இக்காப்பிடங்களில் பலவும் தூண்களின் மீது உயர்த்திக் கட்டப்பட்டுள்ளன.

நம் தரவிதியும் இவற்றைத் தனித்தே கருதுகிறது. காற்றுச் சுமையைப் பற்றிய ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, 2015ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, புயல் தாக்கும் கரையோரப் பகுதியில் காப்பிடம், மருத்துவமனை, பள்ளி போன்றவற்றுக்குக் கணக்கிடும் காற்றுவேகத்தை 1.30ஆல் பெருக்கவேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், அக்கட்டடம் தாங்கவேண்டிய சுமை ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. குறைந்த உயரமுள்ள வீடுகளைப் புயலுக்கு ஈடுகொடுக்கச் செய்யும் முறைகளை 2004இல் வெளிவந்த ஐ.எஸ். 15498 கூறுகிறது.

சொந்த ஊரில் வீடு கட்டுபவர் கொத்தனாரை அறிவார்; அவர் தந்தையையும் அறிந்திருப்பார். விசாகப்பட்டினத்திலோ புவனேசுவரத்திலோ கல்கத்தாவிலோ குடியேறிய நம்மவருக்கு அந்த அறிமுகம் இல்லை. அறிமுகம் இல்லாதவிடத்து அறிவிப்புப் பலகையையும் முத்திரையையுமே நம்ப நேர்கிறது. ஆதலால் அவற்றைப் படிக்கக் கற்றல் அவசியம். ‘இன்ன சங்கத்தின் உறுப்பினர்’ என்ற பலகையைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்தத் தரவிதி, அதன் எந்தப் பதிப்பு? அதன்படி உள்ளதென ஆராய்ந்து சொன்னவர் யார்? நம் வீட்டில் பொருத்தப்படும் வேலைக்குக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் யார்? சிமெண்டும் இரும்புக் கம்பியும் வாங்குமிடத்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேல் தரவிதியின் எண்ணும், கீழ் உரிமத்தின் எண்ணும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். அவ்வுரிமம் மெய்யானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

உறுப்பினர் பட்டியல் காற்றை எதிர்த்து நிற்பதில்லை. சுவரும் கதவும் அவற்றைத் தரையோடு பிணைக்கும் ஆணியுமே எதிர்த்து நிற்கின்றன. நல்ல சங்கமும் நல்ல முத்திரையும் அவற்றின் உறுதிக்குச் சாட்சியாக நிற்கும். அச்சாட்சியை விசாரித்து ஏற்பது நம் கடமை.