புகை மீனுக்கு... நமக்கு வேண்டாம்!

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பூநாரைகளைப் பார்க்கவும், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்கவும் போகிறவர்கள்தான் அதிகம். அப்படியே தண்ணீருக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். பசியாவரம் தெரியும். காலம் காலமாகப் படகேறித்தான் போய்வர வேண்டியிருந்த மீனவ ஊர். இறால், நண்டு, மடவை என்று ஏரி கொடுப்பதை விற்றதுபோக மிச்சத்தைக் காய வைப்பது இந்தக் கரை ஊர்களின் வழக்கம். வெயில் அடிக்கிற வரை கவலையில்லை. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால்? காயப்போட்ட மீன் காயாது. நாறும், புழு வைக்கும். அவ்வளவுதான்.

வெயில் கைவிட்டபோது உலகத்து மீனவர்கள் பிடித்துக்கொண்டது புகையை! ‘அட, அதெல்லாம் வெளிநாட்டுச் சாப்பாடாச்சே’ என்கிறீர்களா? தூத்துக்குடிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் மாசிக் கருவாடு தெரியாதா என்று கேட்டுப் பாருங்கள். மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, பிறகு வெயிலில் கட்டைபோலக் காய வைக்கிறார்கள். அதுதான் மாசி. இலங்கையில் இது இல்லாமல் சம்பல் கிடையாது.

இப்போது புகைக்கு வேறொரு மவுசும் வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கிறவர்கள், ‘ஸ்மோக்டு சிக்கன் உண்டா, மீன் உண்டா?’ என்று கேட்கிற வாடிக்கையாளர்களைப் பார்க்கிறார்கள். கடையில் விற்கும் ஸ்மோக்கரின் விலையைக் கேட்டால் மூச்சு முட்டும். உடனே என்ன தோன்றும்? பழைய இரும்புக் கடையில் ஒரு பேரல் வாங்கி, வெட்டி, உள்ளே கம்பிவலை வைத்து, கீழே தீ மூட்டிவிட்டால் போச்சு!

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பேரலில் முன்பு என்ன இருந்தது? எண்ணெயா, பெயின்ட்டா, பூச்சிமருந்தா? தெரியாத பேரலைச் சமையலுக்குத் தொடவே வேண்டாம். துத்தநாகப் பூச்சு போட்ட தகடும் வலையும் தீக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கடுஞ்சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகி, சுவாசிக்கிறவருக்குக் குளிர்காய்ச்சல்போல வரும். பேரல் சுத்தமானதாகவே இருந்தாலும், அதன் அமைப்பில் பெரிய கோளாறு ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு நடை ஆப்பிரிக்கா போய்வருவோம், வாருங்கள்.

கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் சோர்க்கோர் என்று ஒரு மீனவர் பகுதி. அங்கே மீனுக்குப் புகை போடுவது முழுக்கப் பெண்களின் தொழில். ஒரு காலத்தில் வட்டமான மண் அடுப்பிலும் பேரலிலும்தான் போட்டுவந்தார்கள். கீழே இருக்கும் மீனை மேலே மாற்ற, நெருப்புக்கு மேல் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் புரட்ட வேண்டும். கை வெந்தது, கண் எரிந்தது, மூச்சு இரைத்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் கானாவின் உணவு ஆராய்ச்சிக் கழகமும் அந்தப் பெண்களோடு சேர்ந்து புதிய அடுப்பு ஒன்றை உருவாக்கின. அடுப்புக்கு ஊர்ப் பெயரே பெயராகிவிட்டது.

பெரிய வித்தையெல்லாம் இல்லை. அகலத்தைப்போல் இரண்டு மடங்கு நீளத்தில் மண்ணாலோ செங்கல்லாலோ ஒரு தொட்டி. நடுவில் குறுக்குச் சுவர். முன்பக்கம் விறகு தள்ள இரண்டு வாய். மேலே, மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகள். இந்தத் தட்டுகளில்தான் சூட்சுமம்! இட்லித் தட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினைந்து வரை அடுக்கலாம். அடுக்கே புகைக்கூண்டாகிவிடுகிறது. புகை பக்கவாட்டில் சிதறாமல் மீன் வழியாகவே மேலேறுகிறது. மீனைப் புரட்ட வேண்டாம், தட்டின் இடத்தை மாற்றினால் போதும். சட்டம் சுவரின் நடுவில் உட்கார்வதால் மரமும் கருகாது. ஒரே வேளையில் 200 கிலோ வரை போடலாம். விறகும் மிச்சம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு இந்த அடுப்பு பரவியதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. மீனுக்கு நேர் கீழேயே நெருப்பு. மீனில் இருந்து உருகும் கொழுப்பு நெருப்பில் சொட்டும். சொட்டியதும் கருகி, கரும்புகையாக எழுந்து மீன்மீதே படியும். அந்தக் கரும்புகையில்தான் பென்சோபைரீன் என்கிற சமாச்சாரம் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள். ஐரோப்பிய நாடுகள் 2014 செப்டம்பர் முதல், புகையிட்ட மீனிலும் இறைச்சியிலும் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்று கட்டுப்பாட்டை இறுக்கின. முன்பு 5 வரை அனுமதி இருந்தது. பேரல் அடுப்பின் கோளாறும் இதேதான்.

இதற்கு வழி கண்டது செனகல் நாட்டு தியாரோய். அங்குள்ள மீன்தொழில் பயிற்சி நிலையமும் அதே ஐ.நா. அமைப்பும் சேர்ந்து பழைய அடுப்பைத் திருத்தின. முதலில் விறகுப் புகையே இல்லாமல், தணலின் சூட்டில் மீனை வேகவைத்து உலர்த்துகிறார்கள். சொட்டுகிற கொழுப்பு நெருப்பில் விழாமல் நடுவில் ஒரு தட்டு வாங்கி வெளியே வடித்துவிடுகிறது. கடைசியில்தான் மணத்துக்காகப் புகை. அதுவும் தனியாக மூட்டி, வடிகட்டி, ஆறவைத்து உள்ளே விடுகிற புகை.

நம்ம ஊரில் ஆர்டர் தொழிலுக்குப் பெரிதாக ஓர் அடுப்பு கட்ட நினைக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய சேதி இந்த ஒன்றுதான்: சமைப்பது தணல், புகை வெறும் வாசனை. இரண்டையும் பிரித்துவிடுங்கள். கொத்தனாரிடம் சொல்லும்போது, தீ மூட்டும் அறையைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு குழாய்வழி விடச் சொல்லுங்கள். தீ படும் இடத்தில் சிமென்ட் கலவை வெடிக்கும், களிமண்ணும் மணலும் கலந்து பூசட்டும். கொழுப்பு வாங்கும் தட்டு சாய்வாக, கழுவ எடுக்கிற மாதிரி இருக்கட்டும். தட்டுகளை மேஜை டிராயர்போல இழுக்கும்படி அமைத்தால், யாரும் தலையை உள்ளே விட வேண்டியதில்லை. புகைபோக்கி வேலை செய்கிறவரின் தலைக்கு மேலே, கூரையையும் தாண்டிப் போகட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? விருந்துக்கு வந்தவர் வருஷத்தில் ஒன்றிரண்டு நாள்தான் அந்தச் சிக்கனைச் சாப்பிடுவார். அடுப்படியில் நிற்கிறவரோ தினமும் புகையைச் சாப்பிடுகிறார்! வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கொட்டகைக்குள்ளோ கதவடைத்த அறையிலோ இந்த வேலை கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்ஸைடு சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

விறகுக்கு மா, கொய்யா, தேங்காய் மட்டை எல்லாம் சரி. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு கறுப்பாகப் புகையும், சாப்பாடு கசக்கும். மெல்லிய வெளிர்ப் புகைதான் வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மரக்கடைத் தூள்... ஊஹூம். ஏரிக்கரைக்காரர்கள் அலையாத்தி மரத்தில் கை வைக்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் புகைமீனுக்காக அதை வெட்டி அழித்த கரைகள் உண்டு.

புகை போட்டால் கிருமி செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். கோழியின் உள்ளே, எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். மீனுக்கு 63 டிகிரியில் அரை மணி நேரம். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றைப் பிடித்த உடனே ஐஸில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் உண்டாகிவிடும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும், புகை போட்டாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தடிப்பு வரும், தலை வலிக்கும். புகை போட்ட மீனைக் காற்றுப்புகாத பாக்கெட்டில் அடைத்து வெளியே வைப்பது இன்னும் ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலினம் என்கிற கிருமி உயிரையே எடுக்கும். அன்றே பரிமாறுங்கள், மிச்சம் ஃபிரிட்ஜுக்கு.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உப்பு போட்டுப் புகையிட்ட இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி வகையில் சேர்ந்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவிகிதம் கூடும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் சொன்னது. விசேஷத்துக்கு ஒரு துண்டு, சரி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் துண்டையும் பாதியாக்கிக்கொள்ளலாம்.

அடுப்பு கட்டி முடிந்ததும் ஆர்டர் எடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் நிழலில் காயட்டும். பிறகு காலி அடுப்பில் இரண்டு, மூன்று நாள் சின்னத் தீயாகப் போட்டு ஈரத்தை இழுத்துவிடுங்கள். எங்காவது விரிசல் வழியாகப் புகை கசிகிறதா என்று பார்த்துப் பூசி, அதன்பிறகு முதல் தட்டை உள்ளே தள்ளலாம்.