முதுகுக்கும் ஒரு ‘பேஸ்மேக்கர்’.. தீராத வலி குறையுமா? பணம் கட்டும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

“டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. ஆனா கால்ல அந்த எரிச்சல் மட்டும் போகவே இல்ல..”

சிறுவாச்சூர் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் குனிந்தே உழைத்தவர்கள் வீட்டில் இப்படியொரு புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். இப்படிப்பட்ட சிலருக்கு பெருநகர மருத்துவமனைகளில் சொல்லப்படும் சிகிச்சைதான் ‘ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேஷன்’.

எப்படி வேலை செய்கிறது?

தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய ஒயர்களை வைத்து, லேசான மின்தூண்டல் கொடுப்பார்கள். பேட்டரி கருவி இடுப்புப் பகுதியில் தோலுக்கு அடியில் இருக்கும். வலி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு ‘கதவு’ இருக்கிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னார்கள். அந்தக் கதவைச் சாத்தும் முயற்சிதான் இது. 1967-ல் அமெரிக்காவில் முதல்முறையாகப் பொருத்தப்பட்டது.

யாருக்கு?

ஆபரேஷனுக்குப் பிறகும் தொடரும் நரம்பு வலி, மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை நோய் நரம்பு வலி போன்றவற்றுக்கு. சாதாரண முதுகுப்பிடிப்புக்கோ, மூட்டுத் தேய்மானத்துக்கோ அல்ல. வலியின் காரணத்தை இது குணப்படுத்தாது. வலியை மட்டுமே குறைக்கப் பார்க்கும்.

ட்ரையல் முக்கியம்!

நிரந்தரமாகப் பொருத்தும் முன், கருவியை உடலுக்கு வெளியே வைத்து சில நாட்கள் சோதிப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் பொதுவாக அடுத்த கட்டம். அந்த நாட்களில் எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். “கொஞ்சம் பரவால்ல” என்பதை விட இந்தக் கணக்குதான் டாக்டருக்கு உதவும்.

ரிஸ்க் என்ன?

கிருமித் தொற்று வரலாம், ஒயர் இடம் நகரலாம், மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். செலவும் லட்சக்கணக்கில் ஆகும். கீழ்முதுகு வலிக்கு இது நீண்டகாலப் பலன் தருகிறதா என்பதில் 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கை சந்தேகம் எழுப்பியது. 13 ஆய்வுகளை அலசிய அறிக்கை அது. அதனால் இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்பது நல்லது. காப்பீடு கிடைக்குமா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கவனம்: திடீரென கால் மரத்து பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ ஒரு நாள்கூட காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்!