பெயர்ப்பலகையின் கடைசி வார்த்தை

கடை, கூட்டு, கம்பெனி, சங்கம்: நாம் வேலை செய்வது யாரிடம்?

பழவங்காடி என்றால் பழைய அங்காடி. பெயருக்கு ஏற்றாற்போல் இன்றும் அது அங்காடிதான். கணபதி கோயில் வாசலில் தேங்காய் உடைபடும் சத்தத்தைக் கடந்து ஒரு பக்கம் நடந்தால் கிழக்கே கோட்டையும் சாலைக் கடைத்தெருவும்; மறு பக்கம் நடந்தால் ஓவர்பிரிட்ஜும் தம்பானூரும். வழி நெடுகப் பெயர்ப்பலகைகள். நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து வந்து இந்தக் கடைகளிலும் ஆபீசுகளிலும் கணக்கு எழுதுகிறவர்கள், சரக்கு எடுத்துக் கொடுக்கிறவர்கள், மூட்டை இறக்குகிறவர்கள் ஏராளம்.

இவர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் உடனே பதில் வரும். அந்தச் சம்பளத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்று கேட்டால், "முதலாளிதான், வேறு யார்?" என்பார்கள். மாதம் தவறாமல் சம்பளம் வருகிற வரையில் இந்தப் பதில் போதும். கடை நொடித்துப் போகிற நாளில் போதாது. அன்று யாரைக் கேட்பது, எதை ஜப்தி செய்வது, நம் தலையில் ஏதாவது விழுமா என்பதையெல்லாம் பெரும்பாலும் பெயர்ப்பலகையின் கடைசி வார்த்தையே முடிவு செய்கிறது.

கடைசி வார்த்தை இல்லாத பலகை

ஸ்டோர்ஸ், டிரேடர்ஸ், ஏஜென்சீஸ் என்று மட்டும் முடியும் கடைகள் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானவை. இங்கே கடை வேறு, முதலாளி வேறு என்பது கிடையாது. கடையின் கடன் அவருடைய கடன். கடையில் சரக்கு தீர்ந்தாலும் அவருடைய வீடு, நிலம், வங்கிப் பணம் எல்லாம் அந்தக் கடனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சம்பளப் பாக்கிக்கும் அதே நியதிதான்.

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். "உன் பெயரில் ஒரு லைசென்சு எடுத்துக்கொள்கிறேன், உனக்கு ஒன்றும் வராது" என்று யாராவது ஆதாரையும் பான் கார்டையும் கேட்டால், சட்டப்படி அந்தக் கடையின் முதலாளி நீங்கள்தான். கூலி வேலை செய்கிறவர்களின் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து வியாபாரம் நடத்தியதில், அந்த ஏழைகளுக்கு லட்சக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன.

"அன் கோ" என்றால்

"அன் கோ", "பிரதர்ஸ்", "அசோசியேட்ஸ்" என்பவை பெரும்பாலும் கூட்டு வியாபாரங்கள். இவற்றுக்கான சட்டம் 1932ஆம் வருடத்திய கூட்டாண்மைச் சட்டம். அதில் நாம் அறிய வேண்டிய முக்கியமான விதி ஒன்று உண்டு. கூட்டாளிகள் ஒவ்வொருவரும் கூட்டின் கடன் முழுவதற்கும் பொறுப்பு. மூன்று கூட்டாளிகள், ஆறு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு லட்சம் என்பது அவர்களுக்குள் உள்ள கணக்கு. கடன் கொடுத்தவர் வசதியுள்ள ஒருவரையே பிடித்து ஆறு லட்சத்தையும் வசூலிக்கலாம். மற்ற இருவரிடமும் அவர் பிறகு கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பல வருடம் உழைத்த கணக்குப்பிள்ளையிடம் முதலாளி, "இனி நீயும் ஒரு பார்ட்னர்" என்று சொல்வதுண்டு. சொல்கிறவர் நல்ல மனத்தோடு சொல்லலாம். வங்கிக்கும் சரக்கு கொடுக்கிறவர்களுக்கும் இன்னொரு பெயர் காட்ட வேண்டும் என்பதற்காகவும் சொல்லலாம். எப்படியானாலும் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, வேலைக்கு ஊதியமாக லாபத்தில் ஒரு பங்கு வாங்குவதால் மட்டும் ஒருவர் கூட்டாளி ஆகிவிடமாட்டார். சட்டமே அப்படிச் சொல்கிறது. ஆகவே லாபத்தில் பங்கு வேண்டும் என்றால், அதை ஊழியராக இருந்துகொண்டே வாங்க வழியுண்டு.

இரண்டாவது, பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும், "இவர் எங்கள் பார்ட்னர்" என்று பிறர் சொல்வதைத் தெரிந்தே அனுமதித்தால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு நாம் பதில் சொல்ல நேரிடும். விசிட்டிங் கார்டில் அச்சாகும் ஒரு பட்டத்துக்கு இவ்வளவு விலை!

மூன்றாவது, கூட்டிலிருந்து விலகினால் அதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால், அதன் பிறகு ஏற்படும் கடனுக்கும் நம்மைத் தேடி வருவார்கள்.

பத்திரம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்கத் தெரியாத மொழியில் உள்ளதைத் தெரிந்தவரிடம் முழுவதும் படித்துக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2008ஆம் வருடச் சட்டத்தின்படி எல்.எல்.பி. என்ற வேறொரு வகைக் கூட்டும் வந்திருக்கிறது. பலகையில் அந்த மூன்று எழுத்துகள் இருந்தால், கூட்டின் கடன் பொதுவாகக் கூட்டாளிகளின் வீடு வரை போகாது.

"லிமிடெட்" சொல்வது என்ன?

லிமிடெட் என்ற வார்த்தையைக் கண்டால் நம்மவர்களுக்கு ஒரு மரியாதை. பெரிய நிறுவனம், சர்க்காரே பின்னால் நிற்கிறது என்ற எண்ணம். உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. "எங்கள் பங்குதாரர்களின் பொறுப்பு ஓர் எல்லையோடு நிற்கும்" என்று ஊருக்குச் சொல்லும் வார்த்தை அது. நூறு பங்குகளை பத்து ரூபாய் வீதம் எடுத்தவர் அறுநூறு ரூபாய் கட்டியிருந்தால், மிச்சமுள்ள நானூறோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. கம்பெனிக்குக் கோடி ரூபாய் கடன் இருந்தாலும் அவருடைய வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது.

இது எப்படி என்றால், சட்டத்தின் பார்வையில் கம்பெனி தனியான ஒரு நபர். அதற்குச் சொந்தமாகச் சொத்து உண்டு, கடன் உண்டு, வழக்காடும் உரிமை உண்டு. ரத்தமும் சதையும் இல்லாத ஒன்று எப்படி நபராகும் என்று இந்த ஊரில் யாரும் கேட்க வேண்டுவதில்லை. 1750ஆம் வருடம் மார்த்தாண்ட வர்ம மகாராஜா திருவிதாங்கூர் ராஜ்யத்தையே ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, தாம் பத்மநாப தாசராக இருந்து ஆண்டார். கோயில் தெய்வத்துக்குச் சொத்துரிமை உண்டு என்பதை நம் நாட்டுக் கோர்ட்டுகளும் ஏற்கின்றன. தெய்வத்தின் பெயரில் மனிதர்கள் காரியம் பார்ப்பது போல, கம்பெனியின் பெயரில் டைரக்டர்கள் காரியம் பார்க்கிறார்கள். கல்லாப்பெட்டி கம்பெனியுடையது, டைரக்டருடையது அன்று.

இந்தத் தத்துவத்தை நிலைநாட்டியது ஒரு பூட்ஸ் வியாபாரியின் வழக்கு. லண்டனில் ஆரன் சாலமன் என்பவர் 1892இல் தம் தோல் வியாபாரத்தைக் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி ஏழு பேர் வேண்டும் என்பதால் குடும்பத்தினர் ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தார். மொத்தம் 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. கம்பெனி தமக்குத் தரவேண்டிய 10,000 பவுனுக்குக் கம்பெனிச் சொத்தையே ஈடாக எழுதி வாங்கிக்கொண்டார். விரைவிலேயே கம்பெனி நொடித்தது. சரக்கு கொடுத்து ஏமாந்தவர்கள், "கம்பெனியும் அவரும் ஒன்றுதானே" என்று வழக்காடினார்கள். 1896இல் பிரபுக்கள் சபை, கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று தீர்ப்புச் சொன்னது. ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இன்றும் நம் கம்பெனிச் சட்டத்தின் அஸ்திவாரம் இதுதான்.

இப்போது நடைமுறையில் உள்ளது 2013ஆம் வருடத்திய கம்பெனிச் சட்டம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது 2 பங்குதாரர்கள். அதிகபட்சம் பொதுவாக 200 பேர். பிரைவேட் என்ற சொல் இல்லாமல் லிமிடெட் என்று மட்டும் முடிந்தால் அது பெரும்பாலும் பப்ளிக் கம்பெனி. அதற்குக் குறைந்தது 7 பேர். ஒரே ஆள் கம்பெனி வைத்துக்கொள்ளவும் இந்தச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது ஒரு லட்ச ரூபாய் மூலதனம் வேண்டும் என்றிருந்த விதியும் 2015இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே பலகையில் லிமிடெட் என்று இருப்பதை வைத்து உள்ளே பணம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

டைரக்டர் நாற்காலி

பங்குதாரர் இழப்பது போட்ட பணத்தை. டைரக்டரின் கதை வேறு. கம்பெனியின் கணக்குகளை வருடாவருடம் தாக்கல் செய்வது அவர் கடமை. தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர், ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக நியமிக்கப்படத் தகுதி இழக்கிறார். 2017இல் மத்திய சர்க்கார் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செயலற்ற கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. லட்சக்கணக்கான டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள்.

முதலாளிக்கு இரண்டாவது பெயர் தேவைப்படும்போது கண்ணில் படுகிறவர் நம்பிக்கையான குமாஸ்தா அல்லது டிரைவர். "கம்பெனியில் நீ டைரக்டர்" என்பார். சம்பளம் கூடாது, பொறுப்பு மட்டும் கூடும். வங்கிக் கடன் வாங்கும்போது டைரக்டர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் லிமிடெட் என்ற கவசம் அந்தக் கடனுக்கு உதவாது. ஊரில் உள்ள வீட்டுக்கே நோட்டீஸ் வரும். டிஜிட்டல் கையெழுத்தையும் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் பிறரிடம் கொடுப்பது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

கம்பெனி மூடப்பட்டால்

கம்பெனியைக் கலைப்பது முதலாளிகளுக்கும் கடன்காரர்களுக்கும் இடையே உள்ள விவகாரம், தொழிலாளிக்கு அங்கே என்ன வேலை என்றுதான் நெடுங்காலம் இருந்தது. இதை மாற்றியது தமிழ்நாட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கு. தேசிய பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் தொடுத்த அந்த வழக்கில், 1982 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர், கம்பெனியைக் கலைக்கும் மனுவில் தொழிலாளரும் ஆஜராகித் தங்கள் கட்சியைச் சொல்ல உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். மற்ற இருவர் மாறுபட்டார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் கிடைத்த உரிமை அது.

பிறகு 1985இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. ஈட்டின்மேல் கடன் கொடுத்த வங்கிகளோடு சமமாகத் தொழிலாளர் பாக்கியும் நிற்கும் என்று ஆயிற்று. இன்று இதைக் கவனிப்பது 2016ஆம் வருடத்திய திவால் சட்டம். கலைப்புச் செலவு போக, முந்திய 24 மாதத் தொழிலாளர் பாக்கி முதல் வரிசையில் நிற்கிறது. குமாஸ்தா வேலை செய்கிறவரும் பொதுவாக இந்தத் தொழிலாளர் கணக்கில் சேர்ந்தவரே. மற்ற ஊழியர்களுக்கு 12 மாதப் பாக்கி, அடுத்த வரிசையில். பங்குதாரர்கள் கடைசி. பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி நிதிகளிலிருந்து நமக்கு வர வேண்டிய பணத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கிட முடியாது.

உரிமை இருந்தாலும் பெட்டியில் பணம் இருந்தால்தான் கைக்கு வரும். ஆகவே கம்பெனி நடக்கும்போதே பி.எப். கட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தொழிலாளரே முதலாளி

தம்பானூரில், லாரி பேக்கர் கட்டிய வட்டமான செங்கல் கட்டிடத்தில் காபி குடிக்காதவர் நம்மில் குறைவு. அந்த இந்தியன் காபி ஹவுசுக்குத் தனி முதலாளி கிடையாது. காபி போர்டு தன் காபி ஹவுசுகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்தவர்கள் ஏ.கே. கோபாலனின் முயற்சியால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். கேரளத்தில் 1958இல் திருச்சூரில் முதல் காபி ஹவுசைத் திறந்தார்கள். கம்பெனியில் பங்குக்கு ஓட்டு. கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கு ஓட்டு. பரிமாறுகிறவருக்கும் ஓர் ஓட்டு, மானேஜருக்கும் ஓர் ஓட்டு.

நம்மவர் பலர் சிட்டி கட்டும் கே.எஸ்.எப்.இ. இன்னொரு வகை. 1969இல் தொடங்கிய அது கம்பெனிதான். ஆனால் பங்குகள் முழுவதும் கேரள சர்க்காருடையவை. தனியார் கம்பெனி நடத்தும் சிட்டிக்கும் இதற்கும் பலகையில் ஒரே மாதிரி "லிமிடெட்" இருக்கலாம். அந்த வார்த்தைக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். அதில் உள்ள பெயரும் சம்பளச் சீட்டில் உள்ள பெயரும், வங்கிக்குச் சம்பளம் அனுப்பும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே மாடியில் ஒரே முதலாளிக்கு மூன்று நிறுவனங்கள் இருக்கலாம். எதில் நாம் ஊழியர் என்பது கடிதத்தில்தான் தெரியும்.

கம்பெனியாக இருந்தால் அதன் கடிதத் தாளில் பதிவு அலுவலக முகவரியும் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணிலேயே மாநிலமும் பதிவான வருடமும் இருக்கும்: கேரளத்துக்கு கே.எல்., தமிழ்நாட்டுக்கு டி.என். அதைக்கொண்டு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் வலைத்தளத்தில் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, டைரக்டர்கள் யார் என்று பார்க்கலாம். அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயர் இருந்தால், கொச்சியில் உள்ள கம்பெனிப் பதிவாளருக்கு எழுத்து மூலம் உடனே தெரிவியுங்கள்.

பி.எப். பிடிக்கிறவர்கள் கணக்கை மாதம் ஒரு முறை செல்போனிலேயே பார்க்கலாம். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமென்றால் பொதுவாக பி.எப். கட்டாயம்.

ஊரை விட்டு வந்தவனுக்கு உழைப்பும் பெயரும்தான் முதல். உழைப்பைச் சம்பளத்துக்குக் கொடுக்கிறோம். பெயரை யாருக்கும் சும்மா கொடுக்க வேண்டியதில்லை.