காணிக்கையாக வரும் கார்

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுச்சேலைகளை விலைக்கு வாங்குவோர் உண்டு. நைந்துபோன சேலையை அவர்கள் வாங்குவது உடுத்துவதற்கன்று. அதன் சரிகையிலுள்ள வெள்ளிக்காகவே. பட்டு எரிந்துபோக, வெள்ளி எஞ்சுகிறது. மணநாளில் ஊரார் கண்ணைப் பறித்த ஆடை, முடிவில் எடைக்கு விலைபோகிறது. உடைமையாளர் பயன்படுத்திய ஆடம்பரப் பொருளொன்று திருச்சபைக்குக் கொடுக்கப்படும்போது அதை என்ன செய்வது என்று எண்ணுகையில், இந்த வழக்கமே நம் நினைவிற்கு வருகிறது.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது கார். வேகத்திற்கும் சொகுசிற்கும் பெயர்பெற்ற பி.எம்.டபிள்யூ செடான் கார்கள் 2007ஆம் ஆண்டு முதல் மறைமலைநகர்ப் பகுதியில் பொருத்தப்படுகின்றன. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இடமே. எனவே இத்தகைய கார் நம் மக்களுக்கு அந்நியமானதன்று. சபையின் செல்வந்தர் ஒருவர், சில ஆண்டுகள் ஓட்டிய தம் காரை ஏழைகளின் பணிக்கெனக் கொடுக்க முன்வருகிறார் என்று கொள்வோம். குருவானவரின் ஊழியப் பயணத்திற்கே அதை வைத்துக்கொள்ளலாம் எனச் சிலர் உடனே கூறுவர். அது நல்லெண்ணமே எனினும் நாம் அதனை ஏற்பதற்கில்லை. அதன் பழுதுபார்ப்பும் உதிரிப்பாகங்களும் காப்பீடும் வாரந்தோறும் விழும் சிறு காணிக்கைகளிலிருந்தே செலுத்தப்பட வேண்டியவை. அன்றியும், குழித்தறியில் கால் வைத்து நாளெல்லாம் நெய்கிறவரின் வாசலில் அத்தகைய காரிலிருந்து இறங்குகிற ஆயர், வாய் திறப்பதற்கு முன்பே ஒரு பிரசங்கத்தைச் செய்துவிடுகிறார்.

இந்தியாவில் இவ்வகையில் பெரிதும் அறியப்பட்ட நிகழ்ச்சி பம்பாயில் நடந்தது. 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டிற்கு வந்த போப்பு ஆறாம் பவுல், அமெரிக்கர் தமக்கு அளித்திருந்த வெள்ளை நிற லிங்கன் கான்டினென்டல் காரை, புறப்படும்போது அன்னை தெரசாவிடம் கொடுத்துச் சென்றார். அன்னையார் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. குலுக்கல் சீட்டு முறையில் அதைப் பணமாக்கினார். அப்பணம் ஆசன்சாலுக்கு அருகில் சாந்திநகர் என்னும் தொழுநோயாளர் குடியிருப்பு எழும்ப உதவியது. கொடுத்தவர் நிபந்தனை எதுவும் விதிக்காததாலேயே இது கூடிற்று என்பது கவனிக்கத்தக்கது. போப்பு பிரான்சிசிற்கு 2017இல் கிடைத்த லம்போர்கினி காரும் மறு ஆண்டு மொனாக்கோவில் ஏலம் போய் 7,15,000 யூரோவைத் தந்தது. ஆனால் அந்த விலையில் ஒரு பகுதி போப்பின் கையொப்பத்திற்குரியது. நம் செல்வந்தரின் காருக்கு அத்தகைய ஏற்றம் கிடையாது. அது ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கும் பழைய கார், அவ்வளவே.

குலுக்கல் முறை சீர்திருத்தத் திருச்சபைகளின் மனச்சாட்சிக்கு என்றும் இடறலாகவே இருந்துள்ளது. நற்பணிக்காயினும், பலரின் இழப்பில் ஒருவருக்கு ஆதாயம் என்ற ஆசையைத் தூண்டியே அது பணம் திரட்டுகிறது. காஞ்சியில் பிறந்த அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த 1968இல் அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. பிற்காலத்தில், 2003இல், தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. ஆகவே சாந்திநகர் எழும்ப உதவிய வழி நமக்கு ஏற்றதன்று.

எஞ்சுவது ஏலம். இது நமக்குப் புதியதுமன்று. அறுவடைப் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் வாழைத்தாரும் ஆலய வளாகத்தில் ஏலம் விடப்படுவதை அறியாதவர் யார்? எனினும் பெரிய பொருளை ஏலம் விடுவதில் உள்ள இடரைக் குருவாயூர்க் கோயிலில் நேர்ந்தது காட்டுகிறது. மகிந்திரா நிறுவனம் 2021 டிசம்பரில் அக்கோயிலுக்குக் காணிக்கையாகத் தந்த தார் வண்டியை 15 லட்சம் தொடக்க விலையில் ஏலம் விட்டனர். ஏலம் கேட்டவர் ஒருவரே, 15.10 லட்சத்திற்கு முடிந்தது. வழக்கும் வாதமும் எழுந்தன. 2022 ஜூனில் மறு ஏலம் விட்டபோது அதே வண்டி 43 லட்சத்திற்குப் போயிற்று. சபைக் குழுவினர் நான்குபேர் தமக்குள் முடிவு செய்து, குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனருக்கே காரை விற்றுவிடும் ஆபத்து நமக்கு இல்லை என்று யார் துணிந்து சொல்வர்?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். மாற்கு 14ஆம் அதிகாரத்தில் நளததைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்றவர்களைத்தானே ஆண்டவர் கண்டித்தார்? அப்படியாயின் காணிக்கையை விற்பது எவ்வாறு தகும்? ஆனால் அந்தப் பெண் தான் பூசி மீந்த தைலத்தைக் கொண்டுவரவில்லை; பரணியை உடைத்து முழுவதையும் ஊற்றினாள். பயன்படுத்திய காருக்குப் பொருத்தமான பகுதி அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரமே என்று கருதுகிறோம். பர்னபா தன் நிலத்தை அப்போஸ்தலரிடம் ஒப்படைத்து, விற்றுக்கொள்ளுங்கள் என்று கூறவில்லை. தானே விற்றுப் பணத்தைக் கொண்டுவந்தான். விற்கும் தொல்லையும், எதிர்பார்த்த விலை கிடைக்காத ஏமாற்றமும் கொடுப்பவனையே சேர்ந்தன. அடுத்த அதிகாரத்தின் அனனியாவோ, கொடுத்ததைவிட அதிகம் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டான். பழைய காரைக் கொடுத்துவிட்டு, வாங்கிய நாளின் விலையை நன்கொடைப் பட்டியலில் எழுதச் சொல்பவர் அவனுக்கு மிகத் தொலைவில் இல்லை.

நாட்டின் சட்டமும் தற்செயலாகப் பர்னபாவின் பக்கமே நிற்கிறது. நம் வருமான வரிச் சட்டம் பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கே கழிவு தருகிறது. பொருளாகக் கொடுப்பதற்கு இல்லை. ஆதலால் காரை விற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி செல்வந்தரிடம் அன்போடு கூறுவது அவருக்கும் நன்மையே.

பொருளையே வைத்துக்கொள்ளத்தக்க ஒரு நிலையும் உண்டு. திருச்சபை நடத்தும் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் இயந்திரப் பிரிவு இருக்குமாயின், மாணவர் பிரித்துப் பார்த்துக் கற்க அந்தக் கார் உதவும். அங்கு அது ஊர்தியன்று, பாடநூல்.

எப்படியாயினும், சபை காரைப் பெறுமாயின், பதிவு மாற்றத்திற்குரிய 29, 30ஆம் படிவங்களை உடனே நிறைவு செய்தல் வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. குருவானவரின் சொந்தப் பெயரில் அதைப் பதிவு செய்தலும் ஆகாது. அவர் வேறு சபைக்கு மாற்றப்படும் நாளில், கார் யாருடையது என்ற கேள்வி அவருக்கு முன்பே வாசலில் வந்து நிற்கும்.