உங்களுக்குத் தெரியுமா? பிரிட்ஜ் பிக்கப்பில் ஏன் கூடுதல் சுற்று?

எலெக்ட்ரிக் கிதாரில் பிரிட்ஜை நெருங்க நெருங்கக் கம்பியின் ஆட்டம் குறையும்; ஒலி மெலிந்து, கூர்மையாக வரும். இதை ஈடுகட்டத்தான், கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் கொண்டு மின்சைகையாக்கும் பிக்கப்புகளில், பிரிட்ஜ் பக்கம் உள்ளதில் பெரும்பாலும் செப்புக் கம்பியைக் கூடுதலாகச் சுற்றுகிறார்கள்.

சுற்று கூடினால் ஒலி பலக்கும், ஆனால் பளபளப்பு மங்கும். சுருளின் மின்தடை 'எத்தனை கிலோ ஓம்?' என்று மட்டும் கேட்டு வாங்குவது அரைக் கணக்கு. சன்னமான கம்பியைச் சுற்றினாலே ஓம் ஏறிவிடும். காந்தம் அல்னிகோவா, செராமிக்கா என்பதும் முக்கியம்.

கொழிஞ்சாம்பாறைத் திருவிழா மேடையானாலும் கோவை ஸ்டுடியோவானாலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். ஒற்றைச் சுருள் பிக்கப் அந்த மின்சாரத்தின் 'ம்ம்ம்' இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். அதை இரட்டைச் சுருளால் அடக்கும் ஹம்பக்கருக்கு கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-ல் காப்புரிமை கோரினார்.

கொச்சியின் பைஜு தர்மஜனைப் போல கிதாரில் கமகம் இழுப்பவர்களுக்கு ஒரு சௌகரியம்: எவ்வளவு இழுத்தாலும் பிரிட்ஜ் பக்கம் கம்பி காந்தமுனையை விட்டு அதிகம் விலகாது.

காந்தமுனைகள் கம்பிகளுக்கு நேரே அமைய, பிக்கப் வாங்குமுன் ஸ்கேல் வைத்து அளப்பது நல்லது. பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாவதுக்கும் இடைவெளி கிப்சன் வகையில் சுமார் 50 மில்லிமீட்டர். ஃபெண்டர் வகையில் 52 முதல் 56 வரை. ஒற்றைச் சுருளைக் கழற்றி ஹம்பக்கர் போடுபவர்கள் பழைய 250 கிலோ ஓம் வால்யூம் பாட்டையும் 500-க்கு மாற்றுவது வழக்கம். இல்லாவிட்டால் ஒலி மந்தமாகும்.